மேடைக் கூச்சம்

பெண்டாட்டி நகைக் கடைக்குக் கூப்பிட்டால் பயப்படாதீர்கள். புடவைக் கடைக்குக் கூப்பிட்டாலும் தைரியமாகப் போய், அவர்கள் போட்டிருக்கும் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு குட்டித் தூக்கம் போடலாம். ஆனால், “ஏங்க, ஞாயித்துக்கிழமை கிரானைட் கடை வரைக்கும் போயிட்டு வரலாமா?” என்று ஆரம்பித்தால் மட்டும் உஷாராகி விடுங்கள். புடவை பிடிக்கவில்லையென்றால் மாற்றிக் கொள்ளலாம். இல்லையா, நாத்தனாருக்குப் பிறந்தநாள் பரிசாகத் தள்ளி விடலாம். எட்டடி நீளக் கருங்கல்லை யார் தலையில் கட்டுவது ஸார்?

குரோம்பேட்டையில் எங்கள் ஃப்ளாட் 1994-ல் கட்டியது. அந்தக் காலத்து சம்பிரதாயப்படி சமையல் மேடைக்குக் கடப்பா கல். பின் சுவரில் ஓரடி உயரத்துக்கு வெள்ளை டைல்ஸ், அதற்கு மேல் டிஸ்டெம்பர். முப்பது வருஷமாகக் கடுகு வெடித்து வெடித்து, அடுப்புக்கு நேரே அந்தச் சுவர் ஏதோ உலக வரைபடம் மாதிரி ஆகியிருந்தது. ஆஸ்திரேலியா மட்டும்தான் பாக்கி.

கடப்பா கல்லைக் குறை சொல்ல மாட்டேன். ஆந்திராவின் கடப்பாப் பக்கத்திலிருந்து வந்து, விலை மலிவாக, தென்னாட்டு மிடில் கிளாஸ் முழுவதையும் சுமந்த கல் அது. ஆனால் ஜாதகத்திலேயே ஒரு தோஷம். அது சுண்ணாம்புக் கல் வகை. சுண்ணாம்புக்கும் புளிப்புக்கும் ஜென்மப் பகை. எலுமிச்சம்பழமோ, புளிக் கரைசலோ, தயிரோ சிந்திக் கொஞ்ச நேரம் நின்றால் போதும், அந்த இடத்தில் பாலீஷ் போய் வெளுத்துவிடும். எங்கள் வீட்டில் வாரத்தில் நாலு நாள் வத்தக் குழம்பு. மேடை என்ன பண்ணும், பாவம்!

“மேடையை மாத்தப் போறோம்” என்று ஆபீசில் வாய் தவறிச் சொல்லி வைத்தேன். எங்கள் செக்ஷனில் பதினோரு பேர். சம்பள கமிஷன் பற்றிக்கூட அவ்வளவு கருத்து வந்ததில்லை.

ஒருத்தர், “மார்பிள் போடுப்பா, மகாராஜா வீடு மாதிரி இருக்கும்” என்றார். மார்பிளும் கால்சியம் கார்பனேட்தான். கடப்பாவுக்கு வெள்ளை வெளேரென்ற ஒன்றுவிட்ட தம்பி. தாஜ்மகாலுக்கு ராஜஸ்தானத்து மக்ரானாவிலிருந்து மார்பிள் கொண்டு வந்தார் ஷாஜஹான், வாஸ்தவம். அவர் அதன்மேல் எலுமிச்சம்பழம் பிழியவில்லையே!

இன்னொருத்தர் குவார்ட்ஸ் கட்சி. “கறை புடிக்காது, மெயின்டனன்ஸ் கிடையாது” என்றார். அதுவும் நிஜம்தான். குவார்ட்ஸ் கல்லைப் பொடித்து, நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் அந்தப் பொடியும் பாக்கி ரெஸின் பசையுமாக அழுத்திச் செய்யும் பலகை அது. மஞ்சள், எண்ணெய் எதையும் சுலபத்தில் குடிக்காது. ஆனால் அந்த ரெஸின் இருக்கிறதே, அது பிளாஸ்டிக் சாதி. சூட்டுக்கு ஆகாது. எங்கள் அம்மாவுக்கோ, கொதிக்கக் கொதிக்கக் குக்கரை ‘ணங்’கென்று மேடையில் இறக்கி வைத்தால்தான் சமையல் முடிந்ததாக அர்த்தம். எழுபத்தொரு வயசில் அவளைக் கூப்பிட்டு, “அம்மா, இனிமே பிரிமணை வெச்சுத்தான் வைக்கணும்” என்று சொல்ல எனக்குத் தைரியமில்லை. உங்களுக்கு இருந்தால் சொல்லிப் பாருங்கள்.

ஆக, கிரானைட். பூமிக்குள் எரிமலைக் குழம்பு மெதுவாக ஆறி இறுகிய கல். குக்கர் அதற்கு ஜுஜுபி!

பைபாஸ் ரோட்டோரக் கடையில் பலகைகளை லைப்ரரியில் புஸ்தகம் அடுக்கியது போல நிறுத்தி வைத்திருந்தார்கள். கடைக்காரர் ஒரு பக்கெட் தண்ணீரை எடுத்து ஒவ்வொரு கல் மேலும் வீசினார். நனைந்தால் எந்தக் கல்லும் அழகுதான், மழையில் நனைந்த சினிமா கதாநாயகி மாதிரி. காய்ந்த பிறகு பார்த்துத்தான் முடிவு பண்ண வேண்டும்.

“இது காஷ்மீர் ஒயிட் சார்.”

“காஷ்மீர்லேருந்தா வருது?”

“மதுரைப் பக்கம் சார்” என்றார், கொஞ்சமும் கூச்சமில்லாமல்.

வெளிர் நிறக் கல்லில் நுண்துளை ஜாஸ்தி இருக்கும். எண்ணெய் பட்டால் உறிஞ்சிக் கொண்டு திட்டுத் திட்டாகும். சீலர் என்று ஒரு திரவத்தை அவ்வப்போது பூச வேண்டும். வீட்டில் தண்ணீர் மோட்டார் போடவே முறை வைத்திருக்கிறோம், இதற்கு யார் பூசுவது? அடுத்தது, கறுப்பு நிலையில் தங்கப் பொட்டு தெறித்த ‘பிளாக் கேலக்ஸி’. ஆந்திராவில் பிரகாசம் ஜில்லா சீமகுர்த்தியிலிருந்து வருவது. புவியியல் படித்தவர்கள் இதைக் கிரானைட் என்றே ஒப்புக்கொள்ள மாட்டார்கள். கறுப்பாக இருப்பதெல்லாம் பெரும்பாலும் கேப்ரோ, டாலரைட் என்று வேறு வேறு ஜாதி. கடைக்காரருக்கு ஜாதி வித்தியாசம் கிடையாது. கல்லென்றால் கிரானைட்!

இந்த இடத்தில்தான் என் சகதர்மிணி ஹேண்ட் பேக்கைத் திறந்தாள். உள்ளேயிருந்து ஒரு எலுமிச்சம்பழம், பஞ்சு, நெயில் பாலீஷ் ரிமூவர் பாட்டில் மூன்றும் வெளியே வந்தன. கடைக்காரர் பில்லி சூனியம் என்றே நினைத்திருப்பார். விஷயம் வேறு. மட்டமான சாம்பல் நிறக் கல்லுக்குச் சாயம் ஏற்றிக் கறுப்பு என்று விற்பது உண்டு. ரிமூவரில் நனைத்த பஞ்சால் அழுத்தித் துடைத்தால் மேக்கப் கலைந்துவிடும். எலுமிச்சைச் சாறை ஓர் ஓரத்தில் விட்டுப் பத்து நிமிஷம் கழித்துத் துடைத்தால், வெளுக்கிறதா இல்லையா என்று தெரிந்து போகும். வெறும் தண்ணீர்ச் சொட்டு விட்டாலே போதும், சீக்கிரம் இருண்டு உள்ளே இறங்கினால் அந்தக் கல் எண்ணெயையும் குடிக்கும்.

‘ஸ்பெஷல் ரேட்’ என்று அவர் காட்டிய பலகையில் பஞ்சு கன்னங்கரேலென்று வந்தது. இரண்டு பேரும் பஞ்சைப் பார்த்தோம். அவர் வானத்தைப் பார்த்தார். “டீ சாப்பிடறீங்களா மேடம்?” என்றார்.

நாலாவது கடையில் உண்மையான கறுப்பு கிடைத்தது. பஞ்சு வெள்ளையாகவே திரும்பி வந்தது.

இவ்வளவும் சுலபம் ஸார். கல்லின் நிறத்துக்கெல்லாம் வீட்டில் சண்டை வரவில்லை. உயரத்துக்குத்தான் வந்தது. சண்டை என்றுகூடச் சொல்ல முடியாது. சண்டையாக இருந்தால் தேவலை.

பழைய மேடை முப்பது அங்குலம். அம்மா நாலடி பத்து அங்குலம், அவளுக்கு அது சரி. என் மனைவி ஐந்தடி ஐந்து. ஆறு வருஷமாகக் குனிந்து குனிந்து பாத்திரம் தேய்த்து, ராத்திரி இடுப்பில் தைலம் தேய்த்துக் கொண்டிருக்கிறாள். நின்றபடி முழங்கையை மடக்கினால், அதற்கு நாலைந்து அங்குலம் கீழே மேடை இருக்க வேண்டும் என்பது கணக்கு. அவளுக்கு முப்பத்தைந்தாவது வேண்டும். மேஸ்திரி டேப்பை நீட்டிக்கொண்டு, “எவ்வளவு வெக்கட்டும் சார்?” என்று என்னைக் கேட்டார். கேட்டாரே ஒரு கேள்வி!

அம்மா கூடத்திலிருந்தே குரல் கொடுத்தாள். “அவ உசரத்துக்கே வெச்சுடச் சொல்லுடா. நான் இனிமே சமைச்சு என்ன ஆகப் போறது... உட்கார்ந்து காய் நறுக்கிக் குடுக்கறேன்.”

சாதாரணமாகத்தான் சொன்னாள். ஆனால் சொல்லிவிட்டு டி.வி. சத்தத்தை இரண்டு புள்ளி கூட்டினாள். நான் மேஸ்திரியைப் பார்க்க, அவர் டேப்பைப் பார்த்தார். ஐம்பது வருஷம் அடுப்படியை ஆண்ட மனுஷியை மூன்று அங்குலம், நாலு அங்குலம் என்று வெளியே நகர்த்துகிறோம் என்று எனக்குப் பட்டது.

என் மனைவிதான் பேசினாள். “அத்தை, நீங்க அடுப்பாண்ட நிக்காம இந்த வீட்ல சாம்பார் யார் வெக்கறது? எனக்குப் பாத்திரம் தேய்க்கிற இடமும் நறுக்கற இடமும்தான் ஒசரமா வேணும். அடுப்பு இருக்கற பக்கம் எறக்கியே போடட்டும். அடுப்பே அஞ்சு அங்குலம் ஒசரம் இருக்கே, எனக்கும் அதுதான் சௌகரியம்.”

எங்கள் சமையலறை ‘ட’ வடிவம். சிங்க் இருக்கும் நீளப் பக்கம் முப்பத்தைந்து. அடுப்பு இருக்கும் குட்டைப் பக்கம் முப்பது. மேஸ்திரி, “பாக்க நல்லாருக்காதுங்களே” என்று முனகினார். பார்ப்பதற்கு யார் வரப் போகிறார்கள்? டி.வி. சத்தம் குறைந்தது. “சிங்க் மூலைல உப்பு ஜாடி வெக்க எடம் விடச் சொல்லு” என்று உத்தரவு வந்தது. ஆட்சி நீடிக்கிறது என்று அர்த்தம்.

சுவர் டைல்ஸ் விஷயத்தை அரை நாளில் முடித்தோம். குஜராத்தில் மோர்பி என்ற ஊர் டைல்ஸுக்கே பிறந்த ஊர். நம்மூர்க் கடைகளில் பெட்டியைத் திருப்பிப் பார்த்தால் பாதிக்கு மேல் அந்த விலாசம். ‘ஹைலைட்டர்’ என்று படம் போட்ட டைல்ஸ் காட்டினார்கள். காப்பிக் கோப்பை, குடைமிளகாய், ஒன்றில் ஒயின் பாட்டில்கூட! வத்தக் குழம்புக்குப் பின்னால் ஒயின் பாட்டில் எதற்கு? சின்னச் சின்னச் சதுரமாக மொசைக் அழகுதான். ஆனால் இணைப்புக் கோடுகளில்தான் எண்ணெய்ப் பிசுக்கு குடியேறும். கோடு குறையக் குறைய வேலை குறையும். சொரசொரப்பான டைல்ஸும் அப்படியே, பிசுக்கை விடாது. ஆகவே இரண்டுக்கு ஒன்று அடியில், வழவழப்பாய், சந்தன நிறத்தில் எடுத்து, மேல் அலமாரி வரைக்கும் ஒட்டச் சொன்னோம். இணைப்புக்கு சிமென்ட் பூச்சு போட்டால் மஞ்சள் பொடி ஒரே மாதத்தில் கோலம் போட்டுவிடும் என்பதால் எபாக்ஸி. விலை கூடத்தான். டைல்ஸில் மிச்சம் பிடித்ததை அதில் போட்டோம்.

கல் வெட்டுகிற விஷயத்தில்தான் நான் பிடிவாதம் பிடித்தேன். கல்லை வீட்டுக்கே கொண்டு வந்து, பால்கனியில் வைத்துக் கை மெஷினால் அறுப்பதுதான் வழக்கம். முன்பு பக்கத்து ஃப்ளாட்டில் பார்த்திருக்கிறேன். இருபது, இருபத்திரண்டு வயசுப் பையன். முகத்தில் கைக்குட்டை கூடக் கிடையாது. அறுத்து முடித்து நிமிர்ந்தபோது புருவமெல்லாம் வெள்ளை. தாத்தா வேஷம் போட்ட ஸ்கூல் பிள்ளை மாதிரி இருந்தான். அந்தத் தூசியில் சிலிக்கா இருக்கிறது. வருஷக் கணக்கில் சுவாசித்தால் நுரையீரல் தழும்பேறிப் போகும். சிலிகோசிஸ் என்று பேர், வந்தால் திரும்பாது. குவார்ட்ஸ் பலகையில் சிலிக்கா இன்னும் அதிகம்; ஆஸ்திரேலியாவில் 2024 ஜூலை 1 முதல் அந்தப் பலகையைச் செய்யவும், விற்கவும், பொருத்தவுமே தடை போட்டுவிட்டார்கள்.

“கடையிலேயே தண்ணி விடற பெரிய மெஷின்ல அறுத்துக் குடுங்க. சிங்க் ஓட்டை உள்பட” என்றேன்.

“செவுரு கோணலா இருந்தா அப்புறம் பொருந்தாது சார். எங்களைச் சொல்லக் கூடாது.”

பொருந்தாதாம்! டி.வி. வந்த அட்டைப் பெட்டியைப் பிரித்து, மேடை மேல் விரித்து, சுவரோடு ஒட்டி அச்சு வெட்டினேன். அப்போதுதான் தெரிந்தது, 1994-ல் கட்டியவர் மூலைமட்டம் என்ற கருவியைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை என்று. ஒரு மூலையில் முக்கால் அங்குலம் கோணல். எட்டடி அட்டையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஆட்டோ தேடி நின்ற என்னை, தெருவே வேடிக்கை பார்த்தது.

கல் ஒரு நூல் பிசகாமல் உட்கார்ந்தது. கூடுதல் கூலி எழுநூறு ரூபாய். அறுத்துக் கொடுத்த தம்பி தானாகவே ஒன்று செய்திருந்தான். முன் விளிம்புக்கு அடிப்பக்கம் நீளவாக்கில் ஒரு சின்னக் காடி. மேடையிலிருந்து வழியும் தண்ணீர் கீழே உள்ள அலமாரிக் கதவில் இறங்காமல், அந்தக் காடியோடு நின்று சொட்டிவிடும். நாங்கள் கேட்கவுமில்லை, பில்லில் அவன் எழுதவுமில்லை.

சிங்குக்காக வெட்டியெடுத்த துண்டைக் கடைக்காரர் நைசாக ஓரம் கட்டப் பார்த்தார். முழுப் பலகைக்கும் காசு கொடுத்தது நான், துண்டும் என்னுடையதுதானே! வீட்டுக்குக் கொண்டு வந்து, ஓரத்தைத் தேய்த்து மழுக்கி வைத்தேன். இப்போது அது அம்மாவின் சப்பாத்திக் கல். முப்பது அங்குலப் பக்கத்தில், அடுப்புக்கு இடது கையோரம். நேற்று என் மனைவி அதை நகர்த்தி மிக்ஸியை வைத்திருக்கிறாள். சாயந்திரத்துக்குள் மிக்ஸி முப்பத்தைந்து அங்குலப் பக்கம் போய்விட்டது.