விலங்குசல்லி

அந்தப் பெயரை அடித்தது நான்தான். விலங்குசல்லி. சிவப்பு மையில் ஒரு கோடு. ஓரத்தில், 'இப்படி ஒரு தீவு இல்லை.' பத்துக்கு நான்கு மதிப்பெண்.

அப்போது தூத்துக்குடியில் புவியியல் ஆசிரியராக இருந்தேன். 2011-இல் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுத்தேன். வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு நம் கரையின் பெயர்களை எழுதி வரவேண்டும். நல்லவை பள்ளி மலரில் வரும்.

ஊர்ப்பெயர் என்றால் நான்தான் என்ற நினைப்பு எனக்கு. மேடை கிடைத்தால் கொற்கையில் தொடங்குவேன். கிரேக்கர்கள் கொல்கோய் என்று எழுதிய துறைமுகம். தாமிரபரணி மண்ணைக் கொண்டுவந்து கொட்டக் கொட்ட, இன்று கடலிலிருந்து 6, 7 கிலோமீட்டர் உள்ளே வயலுக்கு நடுவே கிடக்கிறது. பிறகு மார்க்கோ போலோ எழுதிய காயல். அதுவும் தூர்ந்து பழையகாயல் ஆனது. ஆற்று முகத்தில் புன்னைக்காயல் வந்தது. 1870-களில் கால்டுவெல் தோண்டிப் பார்த்தது வரை சொல்லிக் கைதட்டு வாங்கியிருக்கிறேன்.

ஒரு பிள்ளை நான்கு தீவுகளை எழுதியிருந்தாள். வான் தீவு, காசுவார், காரைச்சல்லி, விலங்குசல்லி. என் மேசை வரைபடத்தில் மூன்றுதான்.

"தாத்தா சொன்னாங்க சார். அங்க இறங்கிச் சோறு பொங்கியிருக்காங்களாம்."

"உங்க தாத்தா கனவுல பொங்கியிருப்பாரு."

வகுப்பு சிரித்தது. அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்திருந்தது. இதையும் சொல்லிவிட வேண்டும்.

ஒரு மாதம் கழித்து மன்னார் வளைகுடாத் தீவுகள் பற்றிய ஓர் அறிக்கை கைக்கு வந்தது. மொத்தம் 21. இரண்டு நீருக்கடியில் போய்விட்டன. ஒன்று பூவரசன்பட்டி. மற்றது விலங்குசல்லி. சுற்றியிருந்த முருகைக்கல்லை, அதாவது பவளப்பாறையை, வெட்டி எடுத்ததில் அலையைத் தாங்க எதுவும் மிஞ்சவில்லை. தீவு கரைந்தது. கல் சுண்ணாம்புக் காளவாசலுக்குப் போனது, வீடு கட்டப் போனது. என் அப்பா கட்டிய வீட்டுக்கும் அஸ்திவாரம் முருகைக்கல்தான். வண்டியில் வந்து இறங்கியதைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். எங்கே வெட்டியது என்று நான் கேட்டதில்லை.

இரண்டாயிரம் ஆண்டுக்கு முன் துறைமுகமாக இருந்த ஊரை நம்பினேன். ஒரு கிழவர் சோறு பொங்கிய தீவை நம்பவில்லை. கொற்கையைப் புத்தகம் சொன்னது. இதைச் சொன்னவர் சங்கு குளிக்கிறவர்.

மலர் அப்போது அச்சுக்குப் போகவில்லை. திருத்தியிருக்கலாம். பயந்தேன். பதினான்கு வயதுப் பிள்ளைகள் முன்னால் 'நான் சொன்னது தப்பு' என்று நிற்கப் பயம். மலர் மூன்று தீவுகளோடு வந்தது. மதிப்பெண்ணும் நான்காகவே நின்றது. அவளுக்குக் 'கனவுத்தீவு' என்று பட்டப்பெயர் விழுந்தது. பத்தாம் வகுப்பு முடியும்வரை என் பாடத்தில் அவள் கை தூக்கவில்லை.

மூன்று வருடம் கழித்து அந்தத் தாத்தாவைப் பார்க்கப் போனேன். 1961-இல் நடந்த கடைசி முத்துக்குளிப்புக்குப் போனவர். கடலடிப் பாறைத் திட்டான பார்களில் எது எத்தனை பாகம் ஆழம், அடியில் மணலா கல்லா, கரையில் எந்தக் கோபுரத்தை எதற்கு நேர்வைத்தால் அதன்மேல் நிற்கலாம் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம் என்று கேள்விப்பட்டிருந்தேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன் என்றால் பாதி பொய். நோட்டும் பேனாவும் கொண்டுபோயிருந்தேன். முதல் வரியில் 'தொள்ளாயிரம் பார்' என்று நானே எழுதி வைத்திருந்தேன்.

நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். டீ வாங்கிவரச் சொன்னார்.

"பேத்திகிட்ட சொல்லிட்டீங்களா?"

"இல்லை."

"அங்க சொல்லிட்டு வாங்க சார். பொறவு எழுதுவோம்."

அவள் மதுரையில் படித்துக்கொண்டிருந்தாள். நம்பரை வாங்கிவந்தேன். கூப்பிட ஐந்து மாதம் ஆனது.

"பரவால்ல சார்" என்றாள். முந்தின மாதம் தாத்தாவுக்கு வாதம் வந்து பேச்சு போய்விட்டதையும் சொன்னாள்.

நோட்டில் தொள்ளாயிரம் பார் மட்டும் இருக்கிறது. அது எனக்கு முன்பே தெரிந்த பெயர்.