கூடுதலாக ஒட்டிய லேபிள்

ஒரு பழைய தொப்பியின் வயதை முப்பது நாற்பது ஆண்டு கூட்டிச் சொல்லி விற்றேன். சந்தேகம் கிளம்பியபோது இன்னொரு பொய்யைச் சொல்லி அதை மூடினேன். ‘இவ்வளவுதானே, யார் குடி கெட்டது?’ என்று வெகுநாள் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். எழுதிப் பார்த்தால்தான் தெரிகிறது, அது அவ்வளவு சின்ன விஷயம் இல்லை என்று.

நான் இருப்பது நியூ ஜெர்சியில். பிழைப்பு கணினியில், பைத்தியம் தொப்பியில். ஆண்கள் தொப்பி இல்லாமல் வாசல் தாண்டாத காலத்து அமெரிக்க ஃபெல்ட் தொப்பிகள் கண்ணில் பட்டால் கையில் எடுக்காமல் நகர மாட்டேன். பழம்பொருள் சந்தைகளிலும், இறந்தவர் வீட்டுச் சாமான்களை மொத்தமாக விற்கும் இடங்களிலும் அவை நசுங்கிக் கிடக்கும். பூச்சி அரித்திருக்கும், வியர்வை உப்பு பூத்திருக்கும். வாங்கி வந்து சரிசெய்வேன்.

ஃபெல்ட் நெய்த துணி அல்ல. முயல், பீவர் போன்றவற்றின் ரோமத்தைச் சூட்டிலும் ஈரத்திலும் அழுத்தத்திலும் போட்டுப் புரட்டினால் ரோமத்தின் செதில்கள் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு இறுகிவிடும். இழையும் கிடையாது, ஊடும் பாவும் கிடையாது. அதனால்தான் எண்பது வருஷத் தொப்பிக்கும் ஆவி காட்டினால் இளகிக் கொடுக்கும். மர அச்சில் ஏற்றிக் கயிறு கட்டிக் காயவிட்டால் புது உருவம் பிடித்துக்கொள்ளும். பழைய மடிப்பு போன இடம் தெரியாது. இந்தக் குணம் இல்லையென்றால் பழுதுபார்க்கும் வேலையே இல்லை. என் மோசடிக்கும் இதுதான் வழிவிட்டது.

தொப்பியின் வயதை வெளியிலிருந்து கணிப்பவர் கற்றுக்குட்டி. விளிம்பின் அகலமும் ரிப்பனின் உயரமும் ஓரளவுக்குத்தான் துணை வரும். உள்ளே நெற்றியைச் சுற்றி ஓடும் தோல்பட்டையைத் திருப்பிப் பார்க்க வேண்டும். அதில் தயாரிப்பாளர் முத்திரையோடு விற்ற கடையின் பெயரும் ஊரும் பொன்னெழுத்தில் இருக்கும். ஊர்ப் பெயரை ஒட்டி ஓர் எண் இருந்தால், ‘டென்வர் 2’ என்பதுபோல, அந்தத் தொப்பி 1943க்கு முந்தியதாக இருக்க முடியாது. தபால் மண்டல எண்கள் வந்ததே அந்த ஆண்டுதான். 1963ல் ஐந்திலக்க ஜிப் கோடு வந்ததும் அவை போயின. பட்டைக்குப் பின்னால் நீலக் கழுகு போட்ட சீட்டு இருந்தால் ரூஸ்வெல்ட் கொண்டுவந்த தேசிய மீட்சி நிர்வாகத்தின் காலம், அதாவது 1933க்கும் 1935க்கும் இடையில். அப்புறம் யூனியன் லேபிள். வட அமெரிக்க ஐக்கியத் தொப்பித் தொழிலாளர் சங்கம் 1934ல் இன்னொரு சங்கத்தோடு இணைந்து பெயர் மாற்றிக்கொண்டது. பழைய பெயர் இருந்தால் லேபிள் அதற்கு முந்தியது.

இதையெல்லாம் பொய்யைக் கண்டுபிடிக்கத்தான் கற்றேன். கற்றபின் பொய்யை உண்டாக்கவும் கை வந்தது.

அந்தத் தொப்பி ஒரு ஸ்டெட்சன். அகல விளிம்பு வைத்த கௌபாய் ரகம். ஃபெல்ட் நல்ல கனம், ஓர் ஓட்டை கிடையாது. உள்பட்டை மட்டும் வறண்டு நொறுங்கியிருந்தது. அதிலிருந்த கடை முகவரியில் மண்டல எண் இருந்தது. ஆக, 1943க்குப் பிந்திய சரக்கு. நல்ல தொப்பிதான், ஆனால் அபூர்வம் இல்லை. என் பரணில் வேறொரு ஸ்டெட்சன் கிடந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்க காலத்தது. பூச்சி தின்று உடம்பு சல்லடையாகிவிட்டது. உள்பட்டை மட்டும் எப்படியோ பிழைத்திருந்தது.

பட்டை மாற்றுவது குற்றமில்லை. ‘பட்டை வேறு தொப்பியினுடையது’ என்று ஒரு வரி சொல்லிவிட்டால் போதும், நேர்மையான பழுதுபார்ப்பு. முதலில் அந்த எண்ணத்தில்தான் தையலைப் பிரித்தேன் என்று சொல்லத் தோன்றுகிறது. அதுகூட முழு உண்மை இல்லை. பிரிக்கும்போதே தெரியும்.

நடுமடிப்பை ஆவியில் போக்கினேன். உச்சியை உருண்டையாக, மடிப்பே இல்லாமல் அச்சில் ஏற்றினேன். ஜான் ஸ்டெட்சன் 1865ல் ஃபிலடெல்ஃபியாவில் தொழில் தொடங்கி, மேற்குச் சமவெளிக்காரர்களுக்கென்று விற்ற தொப்பி அப்படித்தான் இருந்தது: உயர்ந்த உருண்டை முடி, தட்டையான விளிம்பு. மடிப்புகளை வைத்துக்கொண்டவர்கள் அதை அணிந்தவர்கள்தான். பழைய பட்டையைப் பழைய ஊசித் துளைகளிலேயே நூல் விட்டுத் தைத்தேன். நூல் புதிதாகத் தெரியக்கூடாது என்று டீத்தண்ணீரில் நனைத்தெடுத்தேன். காபி தம்ளரோடு வந்து நின்ற என் மனைவி, “ஏங்க, இது அந்த ஓட்டைத் தொப்பியோட தோல்தானே?” என்றாள். “பார்ட்ஸ் மாத்தறது சகஜம்” என்றேன். அவள் மேலே எதுவும் கேட்கவில்லை.

அதோடு விட்டிருந்தால் இன்றுவரை எவருக்கும் தெரிந்திருக்காது. எனக்குத் திருப்தி வரவில்லை. இன்னும் ஓர் ஆதாரம் இருந்தால் கேள்விக்கே இடமில்லை என்று பட்டது. தொப்பித் தொழில் நடந்த டான்பரி ஊரில் செய்த ஒரு பழைய பௌலர் தொப்பி உடைந்து கிடந்தது. அதற்குள் அந்தப் பழைய சங்கத்தின் லேபிள், தபால்தலைபோல நான்கு ஓரமும் பல் வைத்தது. அதைப் பக்குவமாக எடுத்து ஸ்டெட்சனின் பட்டைக்குப் பின்னால் வைத்தேன். ‘1910 வாக்கில், முழுவதும் அசல்’ என்று எழுதி விற்றேன்.

காசுக்காகவா? காசும்தான். ஆனால் அதைவிட, வட்டாரத்துச் சேகரிப்பாளர்கள் வயது கேட்டு என்னிடம் தொப்பிகளைக் கொண்டுவரத் தொடங்கியிருந்தார்கள். ஆள் தமிழன், தலையில் தொப்பி வைத்து வளர்ந்தவன் இல்லை, ஆனால் பட்டையைப் புரட்டினால் ஆண்டைச் சொல்லிவிடுகிறான் என்ற பேச்சு எனக்குப் போதை தந்தது. அப்படிப்பட்டவனிடம் 1910 ஸ்டெட்சன் ஒன்றுகூட இல்லை என்பது எனக்கு அவமானமாகப் பட்டது. கிடைக்காததைச் செய்துகொண்டேன்.

வாங்கியவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். கவனமான மனிதர். “இந்தக் காலத்துத் தொப்பியில் பாதரசம் இருக்குமே, பேரக்குழந்தைகள் தொடுவார்கள், பரவாயில்லையா?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. ரோமம் நன்றாகப் பின்னிக்கொள்ள அதைப் பாதரச நைட்ரேட்டில் ஊறவைப்பார்கள். அந்த ஆவியைச் சுவாசித்த தொழிலாளர்களுக்குக் கை நடுங்கும், பேச்சுக் குழறும், புத்தி பேதலிக்கும். டான்பரி ஊரின் பெயரையே அந்த நடுக்கத்துக்கு வைத்திருந்தார்கள். 1941 டிசம்பரில்தான் அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை அதற்குத் தடை போட்டது. இத்தனையும் அவருக்கு விளக்கினேன். கண்ணாடிப் பெட்டியில் வையுங்கள், தொட்டால் கை கழுவுங்கள் என்றேன். தடைக்குப் பிறகு செய்த தொப்பி அது என்று தெரிந்தே, முகம் மாறாமல் சொன்னேன். இந்த ஒன்றை நினைத்தால்தான் இப்போதும் உடம்பு கூசுகிறது.

பிறகு ஒருநாள், நூறு வருஷத்துக்கு முந்திய தொழிற்சங்கப் பத்திரிகை ஒன்றைப் புரட்டினேன். தொப்பித் தொழிலாளர் சங்கத்தின் அறிவிப்பு அதில் இருந்தது. அசல் லேபிள் நான்கு ஓரமும் பல் வைத்திருக்கும், போலிகளுக்குச் சில ஓரங்களில் மட்டும் இருக்கும். கடைக்காரரிடம் தனி லேபிள் இருந்து, ஒட்டித் தருகிறேன் என்றால் அவரிடம் வாங்காதீர்கள். இதுதான் அதன் சாரம். என்னைப் பற்றி எனக்கு முன்பே எழுதிவைத்தாற்போல இருந்தது. கீழே, சங்கத்தோடு ஒப்பந்தம் இல்லாத கம்பெனிகளின் பெயர்கள். அவற்றில் ஃபிலடெல்ஃபியா ஜான் பி. ஸ்டெட்சன் கம்பெனியும் ஒன்று.

அதாவது, 1910 ஸ்டெட்சனுக்குள் அந்த லேபிள் இருக்கவே முடியாது. உறுதிக்காக நான் கூடுதலாக வைத்ததுதான் பொய்யைக் காட்டிக்கொடுக்கும் சாட்சி.

அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சில மாதம் கழித்து அவரே தொலைபேசியில் அழைத்தார். ஸ்டெட்சனுக்குள் சங்கத்தின் லேபிள் எப்படி வந்தது என்று யாரோ அவரிடம் கேட்டிருக்கிறார்கள். நான் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. “ஒரு பிரிவில் மட்டும் கொஞ்ச காலம் சங்கத்து ஆட்கள் வேலை பார்த்தார்கள், அதனால்தான் உங்கள் தொப்பி இன்னும் அபூர்வம்” என்றேன். அப்படி ஒரு பிரிவு நான் அந்த நொடியில் உண்டாக்கியது. அவர் நன்றி சொன்னார். நான் சொன்னதை ஓர் அட்டையில் எழுதித் தொப்பியின் பக்கத்திலேயே வைத்துவிட்டதாகப் பின்னால் சொன்னார்.

அந்த லேபிளுக்குப் பின்னால் இருந்த கதையை அதன்பிறகுதான் முழுதாகப் படித்தேன். 1902ல் டான்பரியில் லோவ் என்பவரின் தொழிற்சாலை சங்கத்தை ஏற்க மறுத்தது. சங்கம் வேலைநிறுத்தம் செய்தது, அவர் தொப்பியை வாங்காதீர்கள் என்று நாடெங்கும் பிரசாரம் செய்தது. அவர் வழக்குப் போட்டார். பெருமுதலாளிகளின் ஏகபோகத்தைத் தடுக்க வந்த 1890ஆம் ஆண்டுச் சட்டம் தொழிலாளர்மீதே பாய்ந்தது. அந்தச் சட்டம் அவர்களுக்கும் பொருந்தும் என்று 1908ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 1915ல் சுமார் 2,50,000 டாலர் தண்டத்தை உறுதிசெய்தது. கட்ட வேண்டியவர்கள் சங்கத்தின் சாதாரண உறுப்பினர்கள், இருநூற்றுக்கும் மேற்பட்டோர். வீடுகளும் வங்கிச் சேமிப்பும் ஜப்தியில் கிடந்தன. மற்ற ஊர்த் தொழிலாளர்கள் ஒரு மணிநேரக் கூலியைக் கொடுத்துக் கைதூக்கிவிட்டார்கள். லேபிள் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள் என்று கேட்டதற்கு அவர்கள் கொடுத்த விலை அது. அதை நான் விலை ஏற்றுகிற பொட்டாக வைத்தேன்.

கடைசியில் உண்மையைச் சொல்ல அவரை அழைத்தபோது தொப்பி அவரிடம் இல்லை. கண்காட்சி ஒன்றில் அட்டையோடு சேர்த்து விற்றுவிட்டாராம், வாங்கியவர் யாரென்று தெரியாது. என் பணத்தை வாங்கவும் மறுத்துவிட்டார். “நான் உங்களை நம்பி அவரிடம் சொன்னேன்” என்று மட்டும் சொல்லித் தொலைபேசியை வைத்தார்.

இதைத் தமிழில் எழுதுவதிலும் ஒரு கோழைத்தனம் இருக்கிறது. என்னிடம் தொப்பி வாங்கியவர்களில் தமிழ் படிப்பவர் எவரும் இல்லை. ஆங்கிலத்தில் எழுதியதை இதற்கு முன்பே சேகரிப்பாளர்களுக்கு அனுப்பியிருக்க வேண்டும். இந்த வாரம் அனுப்புகிறேன்.

உங்களில் யாராவது அமெரிக்காவில் பழைய தொப்பி வாங்கும் பழக்கம் உள்ளவராக இருந்தால், ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். உருண்டை முடி, தட்டை விளிம்பு, பழுப்பேறிய நூல், உள்ளே தொப்பித் தொழிலாளர் சங்கத்தின் பழைய லேபிள், 1910 ஸ்டெட்சன் என்று சொல்லும் அட்டை, இத்தனையும் ஒன்றாகக் கண்ணில் பட்டால் வாங்காதீர்கள். விற்பவரிடம் அது போலி என்று சொல்லுங்கள், செய்தது நான்தான் என்றும் சொல்லுங்கள்.