குடத்துக்குள் தெரிந்த கடை

எண்பதுகளின் தொடக்கத்தில் மதுரையில் போட்டோகிராபர் என்றால், போர்டு மாட்டிய கடையும் அரண்மனை வரைந்த திரையும்தான் எல்லோருக்கும் நினைவு வரும். சித்தப்பாவுக்குக் கடை கிடையாது. தோல் பைக்குள் யாஷிகா மேட் 124ஜி கேமரா, கையில் ட்ரைபாட். கூப்பிட்ட இடத்துக்குப் போய் எடுத்துக்கொடுப்பார். பாத்திரக்கடை, சுங்குடிச் சேலைக்காரர்கள், பம்புசெட் கம்பெனி என்று கேட்லாக்குக்கும் காலண்டருக்கும் படம் கேட்கிறவர்கள் இருந்தார்கள். லீவு விட்டால் பை தூக்குவது நான்.

எவர்சில்வர் எடுக்கிற நாள் எனக்குத் திருவிழா. குடத்தின் வயிற்றில் கடையே தெரியும்: டியூப் லைட், கல்லாவில் முதலாளி, குனிந்து நிற்கும் சித்தப்பா, பக்கத்தில் நான். "குடம் எதைப் பாக்குதோ அதுதான்டா படத்துல விழும்" என்பார். எட்டு முழ வேட்டிகளைச் சுற்றிலும் கட்டி, கரை உள்ளே தெரியாமல் மடித்துக் குண்டூசி குத்துவோம். கரை தெரிந்தால் குடத்தின் மேல் கோடாக ஓடும். விளக்கெல்லாம் வேட்டிக்கு வெளியே. லென்ஸ் நுழைய மட்டும் ஒரு சந்து.

இப்போது கடை மறைந்துவிடும். ஆனால் குடமும் வெளுத்துத் தட்டையாகிப்போகும். அதற்குத்தான் கறுப்பு அட்டை. இரண்டு விரல் அகலத்துக்கு வெட்டி, படத்துக்குள் வராமல் ஓரத்தில் நிறுத்துவார். குடத்தின் விளிம்பில் ஒரு கருங்கோடு வழுக்கி இறங்கும். குடம் உருண்டு திரண்டு எழுந்து நிற்கும். யாஷிகாவில் மேலிருந்து குனிந்து பார்க்கிற கண்ணாடியில் இடவலம் மாறித் தெரியும். என்னைப் பார்க்கவிட்டு, "நிறுத்தட்டுமா?" என்று என்னையே கேட்பார். அந்த மரியாதையை வேறு எந்தப் பெரியவரும் எனக்குத் தந்ததில்லை.

ஒரு ரோலுக்குப் 12 படம். கறுப்பு வெள்ளைக்கு ஊட்டி இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸின் 'இந்து' ரோல். இரவில் குளியலறையே டார்க் ரூம். டெவலப்பரைத் தராசில் நிறுத்து அவரே கலப்பார்: ஒரு லிட்டருக்கு மெட்டால் 2 கிராம், சோடியம் சல்பைட் 100, ஹைட்ரோகுயினோன் 5, போராக்ஸ் 2. வாய்ப்பாடு மாதிரி எனக்கு மனப்பாடம். சல்பைட்டில் ஒரு சிட்டிகை முதலில், பிறகுதான் மெட்டால். முழுசையும் முன்னாலேயே கொட்டினால் மெட்டால் கரையாது. கரைசல் 20 டிகிரியில் இருக்க வேண்டும். சித்திரை வெயிலில் மதுரைக் குழாய்த்தண்ணீர் எங்கே, 20 டிகிரி எங்கே? ஐஸ் வாங்க நான்தான் ஓடுவேன்.

ரோலும் பேப்பரும் கைக்காசு. படம் கொடுத்தபின் பணம் "தீபாவளி கழியட்டும்" என்று தள்ளிப்போகும். அச்சாகி வரும் காலண்டரில் கடைப்பெயர் இருக்கும், அச்சகத்தின் பெயர் இருக்கும், எடுத்தவர் பெயர் இருக்காது. எனக்கு அது ஆறவே இல்லை, இப்போதும்தான்.

வீட்டில் அரிசி வந்தது சித்தப்பா நடத்திய ஞாயிற்றுக்கிழமை போட்டோ வகுப்பால். காலேஜ் பையன்கள், தையற்கடை அண்ணன் ஒருவர், எல்லோரும் மொட்டைமாடியில் உட்கார்ந்திருப்பார்கள். கேமரா பைக்குள்ளேயே இருக்கும். வெள்ளைத்தாளில் ஒரு முட்டை. எங்கே வெளிச்சம் அதிகம், நிழலின் ஓரம் கூர்மையா, கரைந்து போகிறதா என்று பென்சிலால் வரைய வேண்டும். மேகம் மறைத்தால் மறுபடி வரைய வேண்டும். "அண்ணே, கேமராவ எப்பத் தொடுறது?" என்று முனகுவார்கள். சித்தப்பா அசைய மாட்டார். வெளிச்சத்தைப் பார்க்கத் தெரியாதவனுக்கு ரோல் வாங்கிக்கொடுப்பது பாவம் என்று அவர் நிஜமாகவே நம்பினார். நானும் நம்புகிறேன்.

ஒரு சாயங்காலம் தையற்கடை அண்ணன் சட்டென்று, "அண்ணே, நிழலுக்குள்ள அடிப்பக்கம் கொஞ்சம் வெளுப்பா இருக்கே... தாள்லருந்து எகிறி வருதோ?" என்றார். சித்தப்பா ஒன்றும் சொல்லாமல் பையைத் திறந்து யாஷிகாவை அவர் கழுத்தில் மாட்டிவிட்டார். ரோல் போடாத கேமராதான். அண்ணன் குனிந்தபடியே மாடி முழுக்கச் சுற்றினார். வலப்பக்கம் திரும்பினால் படமும் வலப்பக்கமே ஓடியதில் குழம்பி, கொடியில் காய்ந்த சேலைகளுக்குள் போய் மாட்டிக்கொண்டார். அங்கிருந்தும் கேமராவை விடவில்லை. "சேலைக்குப் பின்னாடி வெளிச்சம் எப்படி இருக்கு பாருங்கண்ணே!" என்று கத்தினார். நாங்கள் எல்லோரும் எழுந்து ஓடினோம்.