சங்கடம் என்னும் படகு

'சங்கடம்' என்ற சொல்லுக்குத் துன்பம் என்பதோடு இன்னொரு பொருளையும் பழைய தமிழ் அகராதிகள் தருகின்றன: இரண்டு தோணிகளை இணைத்து, மேலே தளம் பரப்பிய கலம். மலையாளத்தில் தெப்பத்தைச் 'சங்ஙாடம்' என்பர். போர்த்துகீசியர் அச்சொல்லை 'ஜங்காடா' என எடுத்துச் சென்றனர். பிரேசில் மீனவரின் மரக்கலம் இன்றும் அப்பெயரையே தாங்குகிறது. பாலக்காட்டுப் பரம்பிக்குளத்திலும் இடுக்கியின் தேக்கடியிலும் பயணிகள் ஏறிச் செல்லும் மூங்கில் தெப்பங்கள் இக்குடும்பத்தைச் சேர்ந்தவையே.

மூங்கிலின் கணுக்களுக்கிடையே அடைபட்ட காற்று தெப்பத்தை மிதக்க வைக்கிறது. அதன் அகலம் எளிதில் கவிழாமல் காக்கிறது. அங்கே தளமும் அடிப்பகுதியும் ஒன்றே. ஏறியவரின் எடை நீர்மட்டத்தை ஒட்டியே இருக்கிறது.

சிறிய அலுமினியப் படகின் நிலை வேறு. அதில் எடை எவ்வளவு தாழ்வாக இருக்கிறதோ, அவ்வளவு பாதுகாப்பு. நின்று தூண்டில் வீசவும் பொருள்களைப் பரப்பி வைக்கவும் இருக்கைகளின் மேல் ஒட்டுப்பலகை அடித்துத் தாமே தளம் அமைத்துக்கொள்வோர் பல நாடுகளில் உள்ளனர். அவர்கள் கண்ணுக்குத் தெரிவது கிடைத்த இடம். தெரியாதது கூடிய உயரம். படகு, பலகை, இயந்திரம் யாவும் சேர்ந்து 140 கிலோ என்றும், ஏறும் இருவரின் எடையும் 140 கிலோ என்றும் கொள்வோம். அவ்விருவரும் 30 செ.மீ. உயர்ந்தால், மொத்த எடையின் ஈர்ப்பு மையம் 15 செ.மீ. மேலேறும். படகின் அகலமோ ஒரு விரற்கடைகூடக் கூடுவதில்லை. பலகையிலும் ஒரு கேடு உண்டு: செம்புச் சேர்மங்களால் பதப்படுத்திய மரம் ஈரத்தில் அலுமினியத்தை அரிக்கும்.

2009 செப்டம்பர் 30 அன்று, முல்லைப் பெரியாறு அணையின் நீர்த்தேக்கமான தேக்கடி ஏரியில் 'ஜலகன்யகா' என்ற இரண்டடுக்குப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தனர். விலங்குகளைக் காணப் பயணிகள் ஒரு பக்கமாகத் திரண்டதாக அப்போது செய்திகள் கூறின. 2023 மே 7 அன்று மலப்புறம் மாவட்டத்துத் தானூரில் மற்றொரு சுற்றுலாப் படகு கவிழ்ந்து 22 பேர் மாண்டனர். அது மீன்பிடிப் படகை மாற்றியமைத்தது என்பது பின்னர் தெரியவந்தது. இவை பெரிய கலங்கள். அளவுக்கு மிஞ்சிய கூட்டம் போன்ற வேறு காரணங்களும் இவற்றில் பேசப்பட்டன. ஆயினும் உயரத்தில் ஏறிய எடை ஒரு பக்கம் நகர்ந்தால் என்ன நேரும் என்ற கணக்கு பெரிய கலத்துக்கும் சிறியதற்கும் பொதுவானது.

தளம் வேண்டுவோர் அதை இருக்கை மட்டத்துக்குக் கீழே தாழ்வாக அமைக்கலாம். பலகையின் எடையைப் படகின் சுமை வரம்பிலிருந்து கழித்துவிட வேண்டும். பிறரை ஏற்றும் முன், கரையோர ஆழமற்ற நீரில் மிதவை அங்கி அணிந்து, ஓரத்தில் நின்று சாய்த்துப் பார்க்க வேண்டும்.

தளம் பரப்ப எண்ணிய பழையோர் முதலில் இரண்டாம் தோணியைத் தேடினர். அகலத்தைப் பெற்ற பிறகே அவர்கள் அதன்மேல் பலகை இட்டனர்.