தடா ஸ்டேஷனில் மௌனி

சென்னை லோக்கலுக்காகத் தடா ஸ்டேஷனில் காத்திருந்தபோது மௌனியின் 'அழியாச் சுடர்' சிறுகதையை மறுபடி படித்தேன். தூண் யாளி வரும் இடத்தில் இன்றும் உடல் சிலிர்த்தது.

மௌனி 1936-இல் 'மணிக்கொடி' இதழில் எழுத வந்தவர். மொத்தமே சுமார் 24 கதைகள்தான். சிறுகதையின் திருமூலர் என்றார் புதுமைப்பித்தன். 'புரியவில்லை, எல்லாம் ஒரே மாதிரி' என்ற குறையும் கூடவே வந்தது. 1934-இல் நோபல் வாங்கிய இத்தாலிய எழுத்தாளர் பிராந்தெல்லோவையும் விமர்சகர்கள் இப்படி விடவில்லை: மூளை அதிகம், உயிர் குறைவு என்றார்கள்.

ஆனால் எனக்கு மனசுக்குள் நடப்பதும் நிகழ்ச்சிதான். பக்கத்து பெஞ்சில் ஒரு அம்மா, மடியில் பையை இறுக்கிக்கொண்டு, ரயில் போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே ஒன்றும் நடக்கவில்லை. உள்ளே நடந்ததை எழுத ஒரு மௌனி வேண்டும்.

படிக்காதவர்கள் ஒரு கதையாவது படியுங்கள், நிதானமாக.