திமிரியா, பாரியா?

மக்களே, நாலு மாசமா என் தலையைத் தின்னுக்கிட்டிருந்த விஷயம் இது. புது நாதஸ்வரம் வாங்கக் காசு சேர்த்துட்டேன். ஒண்ணு வாங்கத்தான் பத்தும். எந்த சுருதியில வாங்குறதுன்னுதான் குழப்பம்.

தெரியாதவங்களுக்காகச் சொல்றேன். நாதஸ்வரத்துல முக்கியமா ரெண்டு வகை. திமிரி குட்டை, நாலு கட்டைக்கு மேல பேசும். பாரி நீளம், ரெண்டு இல்லன்னா ரெண்டரை கட்டை. குழல் நீண்டா சுருதி இறங்கும், அவ்வளவுதான் கணக்கு. ஆனா பாரியில துளைக்குத் துளை இடைவெளி ஜாஸ்தி. விரலை நல்லா விரிக்கணும், மூச்சும் நிறைய கேட்கும். மேல்நாட்டு பேண்டுல டூபா வாசிக்கிறவங்களுக்கும் இதே தலைவலிதான். அதுல பி ஃபிளாட், சி, ஈ ஃபிளாட், எஃப்னு நாலு சுருதி!

முன்னெல்லாம் திமிரிதான். அதுல சுத்த மத்தியமம் சரியா நிக்காது. டி.என்.ராஜரத்தினம் பிள்ளைக்காக நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி அந்தக் குறையைத் தீர்த்து பாரி செஞ்சு கொடுத்தார். அப்புறம் கச்சேரி மேடையைப் பாரி பிடிச்சுக்கிச்சு. ஆச்சா மரத்துல கடையற நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்கு 2022ல புவிசார் குறியீடும் கிடைச்சுது.

அப்போ பாரிதானே? அங்கதான் சிக்கல்.

எனக்குச் சொல்லிக் கொடுக்கிறது எங்க மாமா. பழவேற்காடு ஏரியைச் சுத்தியிருக்கிற குப்பங்கள்ல அம்மன் திருவிழான்னா அவர்தான். கையில திமிரி. கடல் காத்து அடிக்கிற அடியில, மணல்ல நடந்துகிட்டே ஊதணும். தெருக்கோடி வரைக்கும் அது ‘கணீர்’னு போகும். இதுவரைக்கும் அந்த ஒரே வாத்தியத்துலதான் நானும் கத்துக்கிட்டேன். சீவாளி மட்டும் என்னுது. அவர் வாசிச்சா நான் கேட்பேன், நான் வாசிச்சா அவர் கேட்பார். ஒரு நாள்கூட ரெண்டு பேரும் சேர்ந்து வாசிச்சதில்ல.

நான் பாரி வாங்கினா இனியும் முடியாது. ஜோடியா ஊத ரெண்டும் ஒரே சுருதியா இருக்கணுமே. மாமாவுக்கு இப்பல்லாம் ஒரு தெரு முடியறதுக்குள்ள மூச்சு வாங்குது.

போன வாரம் அவர்கிட்டயே கேட்டேன். சீவாளியைத் தண்ணியில நனைச்சுக்கிட்டே சொன்னார்:

“பாரியே வாங்குடா. இந்தத் திமிரி எப்படியும் உனக்குத்தான வரப்போகுது.”

கணக்கு சரிதான். ஒரு காசுல ரெண்டு வாத்தியம். ஆனா அந்தக் கணக்கைப் போட எனக்கு மனசு வரல.

நேத்து ஆசாரிக்குப் போன் பண்ணி முன்பணம் அனுப்பிட்டேன். மாமாவோட திமிரி எந்தக் கட்டையோ அதே கட்டையில ஒரு திமிரி.

பாரி அப்புறம் வாங்கிக்கலாம். ஆடி மாசம் அம்மன் ஊர்வலத்துல எங்க ஜோடியைக் கேட்க வாங்க. மாமா மூச்சு வாங்கி நிறுத்துற இடத்துல நான் எடுத்துப் பாடணும், அவ்வளவுதான் :-)