பொம்மை வீட்டின் வரவேற்பறை

பிள்ளைகளின் பொம்மைகளை மார்க்கம் எவ்வாறு காண்கிறது என்ற கேள்வி எழும்போதெல்லாம் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் இறக்கை வைத்த குதிரைப் பொம்மை நினைவுக்கு வரும். குதிரைக்கு இறக்கையா என்று நபி (ஸல்) அவர்கள் வினவினார்கள். சுலைமான் (அலை) அவர்களின் குதிரைகளுக்கு இருந்தனவே என்றார் அன்னை. நபியவர்கள் கடைவாய்ப் பற்கள் தெரியச் சிரித்தார்கள் என்று அபூதாவூத் நூலில் பதிவாகியுள்ளது.

இங்கிலாந்தில் வளரும் என் மகளின் பொம்மை வீட்டுக்கு, 1910ஆம் ஆண்டுப் பாணியில் ஒரு வரவேற்பறை அமைத்தோம். மெய்யான ஓரடி அங்கே ஓர் அங்குலம். வின்ட்சர் கோட்டையில் மேரி அரசிக்காக 1924இல் நிறைவுற்ற பொம்மை வீடும் இதே அளவினதே. அங்கே மின்விளக்கு எரியும். குழாயில் நீர் வரும். எங்களிடம் இருந்தவை தீப்பெட்டிகளும் அட்டைகளும் துணித்துண்டுகளுமே.

அதுவே போதுமாயிற்று. விக்டோரியா காலத்து அறைகள் பொருள்களால் நிறைந்திருந்தன. அடுத்து வந்த எட்வர்டு மன்னர் காலத்தில் வெளிர்நிறச் சுவர்களும் பிரம்பு நாற்காலிகளும் காலி இடமும் விரும்பப்பட்டன. எனவே இரண்டு நாற்காலிகள், ஒரு கணப்படுப்பு, ஒரு தேநீர் மேசை. தரைக்குச் சிவப்பும் நீலமும் கலந்த துணி. அக்கால ஆங்கிலேயர் துருக்கியின் உஷாக் கம்பளங்களைப் பெரிதும் விரும்பினர் என்று மகளிடம் கூறினேன்.

"கம்பளம் மட்டும்தான் வந்ததா? அந்த வீடுகளில் முஸ்லிம்கள் யாரும் இருந்ததில்லையா?" என்றாள்.

"உன் சொந்த ஊர் எது?" என்று பள்ளியில் அடிக்கடி கேட்கப்படுபவள் அவள். அன்று அவள் கேட்டது விளையாட்டுக் கேள்வி அன்று.

இருந்தார்கள் என்றேன். வோக்கிங்கில், போபால் அரசி ஷாஜஹான் பேகத்தின் கொடையுடன், 1889இலேயே பள்ளிவாசல் எழுந்தது. லிவர்பூலில் அப்துல்லாஹ் குவில்லியம் என்ற ஆங்கிலேய வழக்கறிஞர் இஸ்லாத்தைத் தழுவி, தொழுகைக்கு இடமும் அமைத்தார். 1913இல் ஹெட்லி பிரபு இஸ்லாத்தை ஏற்றார். அவர்களுடைய வரவேற்பறைகளிலும் கணப்படுப்பு எரிந்திருக்கும், தேநீர் ஆறியிருக்கும், நேரம் வந்ததும் தொழுகை விரிப்பு விரிந்திருக்கும்.

சற்று நேரம் அவள் பேசவில்லை. பிறகு ஒரு நாற்காலியைச் சுவரோரம் ஒதுக்கினாள். நான்கு அங்குல நீளமும் இரண்டு அங்குல அகலமுமாகப் பச்சைத் துணியை வெட்டினாள். இங்கிருந்து கிப்லா எந்தத் திசை என்று கேட்டறிந்து, தென்கிழக்கு நோக்கி விரித்தாள்.

வாழும் மண்ணில் தமக்கு முன்னோர் உண்டு என்பதை நம் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும். அதைச் சொல்லித் தருவதும் அமானிதமே. அல்லாஹ் நம் இல்லங்களைத் தொழுகையால் ஒளிபெறச் செய்வானாக. ஆமீன்.